கூட யாராவது வந்திருக்காங்களா?

பிப்ரவரி 4

சிட்டுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்திருப்பாய். பிரித்துவிட்டாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நான் நலம். ரத்த அழுத்தம் மட்டும் என்னைவிடச் சுறுசுறுப்பாக இருக்கிறது. கொல்லையில் உன் அத்தை வைத்துவிட்டுப் போன எலுமிச்சை இப்போதுதான் காய்க்க மனம் வைத்திருக்கிறது. என் மகன் வெளியூரில் வேலையில் நன்றாக இருக்கிறான். அவனைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன். நீங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டுப் பிரிந்து நான்கு வருடமாகிறது. அதற்குள் நான் நுழையப்போவதில்லை.

போனில் கூப்பிட்டிருக்கலாமே என்பாய். என் வலது காது போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டது. இடது காது அதற்கு முன்பே. போனில் நீ ஒன்று சொல்ல, நான் ஒன்றுக்குப் பதில் சொல்ல, அது யாருக்கும் நல்லதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ரயில்வேயிலிருந்து வெளியே வந்ததும், பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு துணைக்குழு ஆரம்பித்தேன். தனியாக வரும் நோயாளிகளோடு கூட இருப்பது எங்கள் வேலை. வரிசையில் அவர்களுக்காக நிற்பது, சக்கர நாற்காலி தள்ளுவது, டாக்டர் சொன்னதை நிதானமாகத் திருப்பிச் சொல்வது, மருந்து வாங்கித் தருவது. யாருக்கும் சம்பளம் கிடையாது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை கொடுத்திருக்கிறார்கள்.

நல்ல வேலைதான். ஆனால் ஆள் நிற்கவில்லை. வருகிறார்கள், இரண்டு வாரம் சிரித்த முகமாக இருக்கிறார்கள், மூன்றாவது வாரம் காணோம். போன மாதம் பல நாள் அறையில் நான் மட்டும்தான். கண்காணிப்பாளர் அம்மா கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: ஜூலை மாதம் முழுக்க ஒரு வேளைகூட ஆள் இல்லாமல் போகக் கூடாது, போனால் அறை மருந்துக் கிடங்குக்கு.

எங்கள் தலைமை நர்ஸ் ஒரு பயிற்சிக்குப் போய் வந்து, பாடம் எடுத்த பெண்ணைப் பற்றி ஓயாமல் பேசினார். தன்னார்வலர்களை எப்படிச் சேர்ப்பது, எப்படி நிறுத்திக்கொள்வது என்று ஊர் ஊராகப் போய் அமைப்புகளுக்குச் சொல்லித் தருகிறாளாம். போட்டோவைக் காட்டினார். நீ. கொஞ்சம் இளைத்திருக்கிறாய்.

உதவி செய்வாயா?

இப்படிக்கு,
மாமா


பிப்ரவரி 15

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உறையைப் பிரித்தேன். ஆனால் மறுநாள்தான் பிரித்தேன்.

நான் நலம். இளைக்கவில்லை, அந்தப் போட்டோ பக்கவாட்டில் எடுத்தது. எலுமிச்சை காய்த்த செய்தி சந்தோஷம். அத்தை அதோடு தினமும் சண்டை போடுவார்கள்.

ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு காய்ச்சலில் ஒரு மாதம் படுத்திருந்தேன். அது உங்கள் காதுக்கு வந்ததும் எனக்குத் தெரியும். ஒரு வரி இல்லை. சொல்லாமல் விட்டால் உள்ளேயே கிடந்து புளிக்கும் என்பதால் சொல்கிறேன். இனி அதைப் பேசமாட்டேன்.

இப்போது உங்கள் குழு. ஒரு நூலகம், ஒரு முதியோர் இல்லம், தெருநாய்களைக் காப்பாற்றும் ஒரு கூட்டம் என்று பல இடங்களுக்கு வேலை செய்திருக்கிறேன். எல்லாருமே முதலில் கேட்பது, புதிய ஆட்களை எங்கே பிடிப்பது என்றுதான். நான் முதலில் கேட்பது, போனவர்கள் ஏன் போனார்கள் என்று.

அதனால் உங்களுக்கு ஒரு வேலை. விட்டுப் போனவர்களில் சிலரை வீட்டிலோ கடையிலோ போய்ப் பாருங்கள். திரும்பக் கூப்பிடப் போகாதீர்கள். "எங்ககூட வேலை செஞ்சது எப்படி இருந்துச்சு?" என்று ஒரே ஒரு கேள்வி. பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். மறுப்பு, விளக்கம், "அது அப்படி இல்லம்மா" எதுவும் கூடாது. இது உங்களுக்குக் கஷ்டம் என்று தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

நான் அங்கே வருவதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். கடிதத்திலேயே பார்ப்போம்.

அன்புடன்,
சிட்டு


மார்ச் 6

சிட்டுக்கு,

நீ கொடுத்த வேலையை முடித்துவிட்டேன். எதிரிக்குக்கூட இப்படி ஒரு வேலை கொடுக்காதே.

முதலில் தையல்காரம்மா. கடைத்தெருவில் துணியைச் சரிசெய்து தரும் கடை வைத்திருக்கிறார். கேள்வியைக் கேட்டேன். மிஷினை நிறுத்தாமலேயே பதில் சொன்னார். "முதல் நாள் கேட்டுக்கு உள்ள நிக்கச் சொன்னீங்க. மத்தியானம் வரைக்கும் நின்னேன். எதுக்கு நிக்கிறேன்னு கடைசிவரைக்கும் யாரும் சொல்லல. என் கடையில ஊசிக்குக்கூட ஒரு இடம் இருக்கு சார்." வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்து ஓய்வுபெற்ற ஒரு கணக்காளர். கொஞ்சம் தாமதமாக வந்ததற்கு எல்லார் முன்னாலும் விசில் ஊதி நிறுத்தினேனாம். "சம்பளம் வாங்கின இடத்துலயே என்னை யாரும் அப்படி நிறுத்தினதில்லைங்க" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "ஓ, விசில் இவர்தானா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்கு அப்படி ஒரு பெயர் ஓடிக்கொண்டிருப்பது எனக்கு மட்டும்தான் தெரியாது போலிருக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் விசில் வைத்திருந்தால் தப்பா?

மூன்றாவது, ஒரு கல்லூரிப் பெண். நன்றாக வேலை செய்தவள். நோயாளிகள் அவளைத் தேடிக் கேட்பார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள், தண்ணீர் கொண்டுவந்தாள். கடைசியில் சொன்னாள்: "எனக்கு உடம்பு சரியில்லாம ஒரு மாசம் வரல சார். ஏன் வரலன்னு யாரும் கேக்கல. அப்புறம், நான் வந்தாலும் ஒண்ணுதான், வரலன்னாலும் ஒண்ணுதான்னு தோணிருச்சு. யார் மேலயும் கோவம் இல்ல."

அவள் வீட்டிலிருந்து பஸ் ஏறாமல் நடந்தே வந்தேன். வழியெல்லாம் உன் காய்ச்சல்தான் ஞாபகம்.

எனக்குச் செய்தி தெரியும், சிட்டு. எழுத உட்கார்ந்தேன். என்ன உரிமையில் எழுதுவது என்று தெரியாமல் எழுந்துவிட்டேன்.

அடுத்து என்ன செய்ய வேண்டும், சொல்.

மாமா


மார்ச் 14

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் வாயை மூடிக்கொண்டு மூன்று பேர் பேசக் கேட்டீர்கள் என்பதை இங்கே என்னோடு வேலை செய்பவர்களிடம் சொன்னேன். உங்களை அறியாதவர்கள், அதனால் அதன் பெருமை அவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

காய்ச்சல் விஷயம் முடிந்தது. எழுந்துவிட்டாலும் உட்கார்ந்தீர்களே, போதும்.

இனி செய்ய வேண்டியவை. ஒருவர் சேர வந்தால், அவர் ஏன் வந்தார் என்று முதலில் கேளுங்கள். சிலருக்குப் பேசப் பிடிக்கும், சிலருக்கு நடக்கப் பிடிக்கும். பேசப் பிடிப்பவரை வார்டில் உட்கார வையுங்கள், நடப்பவரிடம் நாற்காலியைக் கொடுங்கள். என்ன வேலை, எவ்வளவு நேரம், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்பதை அரைத்தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். முதல் சில நாள் பழைய ஆள் ஒருவர் கூடவே இருக்கட்டும். ஒரு காலை முழுக்க என்று கேட்காமல் இரண்டு மணி நேரம் கேளுங்கள். வராவிட்டால் அன்றைக்கே யாராவது அழைத்து, "என்ன ஆச்சு, நல்லா இருக்கீங்களா?" என்று விசாரிக்க வேண்டும். அது வருகைப் பதிவு போல இருக்கக் கூடாது, விசாரிப்பாக இருக்க வேண்டும். மாதத்தில் ஒரு நாள் எல்லாரும் உட்கார்ந்து டீ குடியுங்கள். அன்று நீங்கள் பேசக் கூடாது. புதியவர்களுக்கு உங்கள் ரயில்வே வாழ்க்கையை முதல் பச்சைக்கொடியிலிருந்து சொல்கிறீர்கள் என்று நர்ஸ் சொன்னார்.

கடைசியாக ஒன்று. ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வேறு ஒருவரிடம் கொடுங்கள். என் யோசனை, அந்தத் தையல்காரம்மா. ஊசிக்கு இடம் வைத்திருப்பவர் ஆளுக்கும் வைப்பார்.

அன்புடன்,
சிட்டு


மார்ச் 22

சிட்டுக்கு,

நன்றாக எழுதுகிறாய். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதுபவர்களுக்கு எல்லாமே சுலபம்தான்.

அங்கே நோயாளி வலியோடு நிற்கிறான். நான் வந்தவர்களின் மனசைத் தடவிக்கொடுத்து, டீ ஊற்றி, ஏன் வந்தீங்க, எப்படி இருக்கீங்க என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமாம். சேவை செய்ய வருகிறவனுக்கு இவ்வளவு உபசாரம் எதற்கு? என் ஸ்டேஷனில் யாருக்கும் நான் அரைத்தாள் கொடுத்ததில்லை. ரயில் ஓடியது.

நான் ஆரம்பித்த குழுவை நான் தூக்கித் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு மூலையில் உட்கார வேண்டும், அப்படித்தானே?

போகிறவர்கள் போகட்டும். விட்டுப் போவது சுலபம். அதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாமா


ஏப்ரல் 2

மாமாவுக்கு,

ஆமாம். விட்டுப் போவதைப் பற்றி எனக்குத் தெரியும். அந்த ஒரு விஷயத்தில் நான் சொல்வதை நீங்கள் நம்பலாம்.

யாரும் ஒரே நாளில் விட்டுப் போவதில்லை. முதலில் சொல்லிப் பார்ப்பார்கள். பிறகு வேறு விதமாகச் சொல்லிப் பார்ப்பார்கள். பிறகு பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். கூட இருப்பவர்களுக்கு அப்போது நிம்மதியாக இருக்கும், பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைப்பார்கள். உங்கள் வீட்டில் கடைசி ஆறு மாதம் நான் அப்படித்தான் இருந்தேன். "இப்பதான் எங்க வீட்டுப் பொண்ணுக்குப் பொறுப்பு வந்திருக்கு" என்று பக்கத்து வீட்டில் நீங்கள் பெருமையாகச் சொன்னது சமையலறை ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. அன்றைக்குத்தான் பெட்டியை எடுத்து வைத்தேன்.

உங்கள் மகன் கெட்டவர் இல்லை. நீங்களும் இல்லை. அந்த வீட்டில் நான் சொல்வது யாருக்கும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதற்குக் காது நன்றாக இருந்தால் மட்டும் போதாது, மாமா.

போகிறவர்களுக்கு அது சுலபம் என்று நினைத்தால் குழுவைக் கலைத்துவிட்டு அறைச் சாவியைக் கொடுத்துவிடுங்கள். சுலபமில்லை என்று நினைத்தால் நான் எழுதியதைச் செய்யுங்கள்.

இதற்குப் பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சிட்டு


ஏப்ரல் 29

சிட்டுக்கு,

கட்டாயம் இல்லை என்றாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறைக்குப் போய் அந்த ஜன்னலைத் திறந்து கொஞ்ச நேரம் நின்றேன். பக்கத்து வீட்டு வாசற்படி அங்கிருந்து அவ்வளவு கிட்டே இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் நான் அந்த இடத்தில் நின்றதே இல்லை. மன்னித்துக்கொள் என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

அதற்குப் பிறகு தையல்காரம்மா கடைக்குப் போனேன். "ஆளுங்களை நீங்க பாத்துக்கணும். என்னால முடியல" என்றேன். அன்றைக்கு மிஷினை நிறுத்திவிட்டார்.

"நெசமாத்தான் சொல்றீங்களா, இல்ல ஆள் கிடைக்காத கஷ்டத்துல சொல்றீங்களா?"

"ரெண்டும்தான்" என்றேன்.

"அப்ப ஒரு நிபந்தனை. அந்த விசிலை என்கிட்ட குடுத்துருங்க."

கழற்றிக் கொடுத்தேன். பித்தான் போடும் இழுப்பறையில் போட்டு மூடினார்.

அந்தம்மா வேலை செய்யும் விதத்தை நீ பார்க்க வேண்டும். சேர வருபவரை உட்கார வைத்து, அளவெடுப்பது போலப் பத்து நிமிடம் பேசுகிறார். பிறகு சரியான இடத்தில் போடுகிறார். கணக்காளர் திரும்பி வந்துவிட்டார். அவருக்கு நோயாளியோடு பேச வராது, வெட்கம். இப்போது மருந்து வாங்கும் ஜன்னலில் நிற்கிறார். மருந்துச் சீட்டைப் படித்து, எது காலையில் எது ராத்திரி என்று பெரிய எழுத்தில் உறையின் மேல் எழுதித் தருகிறார். ஜனங்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். மனிதர் ஒரு சாண் வளர்ந்துவிட்டார்.

அரைத்தாளும் தயார். நான் எழுதிக் கொடுத்தேன், அந்தம்மா பாதியை அடித்துவிட்டார். மாதக் கூட்டம் நடந்தது. நான் வாய் திறக்கவில்லை, டீ ஆற்றிக் கொடுத்தேன். ஒருவர் என்னிடம், "சார், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

கல்லூரிப் பெண் இன்னும் வரவில்லை.

மாமா


மே 12

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன், நிறையச் சிரித்தேன். மன்னிப்பு சின்னதாக இல்லை. சரியான அளவில்தான் இருந்தது.

தையல்காரம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதலாம். வரச்சொல்லி எழுத வேண்டாம். அவள் வேலை செய்த நாட்களில் நீங்கள் பார்த்த நல்லதை மட்டும் எழுதுங்கள். உங்கள் கடிதம் வந்தால் பிரிக்கத் தயங்குவார்கள், ஆனால் பிரிப்பார்கள்.

கடினமான பாடம் ஒன்று மிச்சம் இருக்கிறது. ஜூலையில் நீங்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் போகக் கூடாது.

கோபப்படாமல் கேளுங்கள். கண்காணிப்பாளர் பார்க்கப்போவது அந்த மாதத்தைத்தான் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன். நீங்கள் அங்கே நின்றால் எல்லாரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள், நோயாளியைப் பார்க்கமாட்டார்கள். ஓட்டை விழும் இடத்தையெல்லாம் நீங்களே ஓடிப்போய் அடைப்பீர்கள். பிறகு அது ஓட்டை என்பதே யாருக்கும் தெரியாமல் போகும். நீங்கள் இல்லாமல் ஒரு மாதம் நடந்தால் அது குழு. நடக்காவிட்டால் அது நீங்கள் மட்டும்தான். உங்கள் வயதுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அது எத்தனை நாள் தாங்கும்?

முடியுமா?

என்னிடமும் ஒரு செய்தி இருக்கிறது. உங்கள் ஜூலை முடியட்டும், சொல்கிறேன்.

அன்புடன்,
சிட்டு


ஆகஸ்ட் 3

சிட்டுக்கு,

முதலில் பயப்படாதே. உடைந்தது இடது மணிக்கட்டு. எழுதுவதற்குத் தடையில்லை. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள், நன்றாகச் சேர்ந்துவிடும் என்கிறார்கள். இப்போது நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஜூலை முழுக்க நான் போகவில்லை. அலமாரியைச் சுத்தம் செய்தேன், சுத்தமான அலமாரியை மறுபடி சுத்தம் செய்தேன். எலுமிச்சையோடு உன் அத்தை விட்ட சண்டையைத் தொடர்ந்தேன். செய்தி எதுவும் வரவில்லை. ஒன்றும் வராததே நல்ல செய்தி என்று சொல்லிக்கொண்டாலும் மனசு கேட்கவில்லை.

மாதக் கடைசியில் ஒரு காலை, குளியலறையில் வழுக்கி விழுந்தேன். கை ஒரு மாதிரி வளைந்து கிடந்தது. பக்கத்து வீட்டில் யாரும் இல்லை. துண்டால் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு வாடகை வண்டி பிடித்து, ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினேன். நீ போட்ட தடையை மீறத்தான் கையை உடைத்துக்கொண்டேன் என்று நினைத்துவிடாதே.

அத்தனை வருடம் அந்த வாசலில் நின்றவன் நான். ஆனால் அன்றைக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்றே தெரியவில்லை. வலியில் எல்லாப் பலகையும் ஒரே மாதிரி தெரிந்தது. கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டு போனது. கூட யாரும் இல்லாமல் அங்கே நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அப்போது வாட்டசாட்டமான ஒரு மனிதர் வந்தார். புருவமெல்லாம் மாவு. நான் முன்பின் பார்த்ததே இல்லை.

"ஐயா, கூட யாராவது வந்திருக்காங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"சரி, அப்ப நான் இருக்கேன். முதல்ல உக்காருங்க."

நாற்காலி வந்தது. தண்ணீர் வந்தது. பேக்கரி வைத்திருக்கிறாராம். காலையில் ரொட்டி போட்டு முடித்துவிட்டு இரண்டு மணி நேரம் இங்கே வருகிறார். சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறதாம். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. எக்ஸ்ரே அறைக்கு அவர் நீளமாகச் சுற்றிக்கொண்டு போவது போலிருந்தது. பழைய புத்தி, சும்மா இருக்குமா? "மருந்துக்கடை சந்து வழியாப் போனா சீக்கிரம்" என்றேன்.

"அந்த வழிய அடைச்சிட்டாங்க ஐயா. நீங்க இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு போல" என்றார். வாயை மூடிக்கொண்டேன். உன் பயிற்சி.

டாக்டர் வேகமாகச் சொல்லிவிட்டுப் போனதை, அவர் இன்னும் கொஞ்சமாவது கேட்கும் என் வலது காதுப் பக்கம் குனிந்து மறுபடி மெதுவாகச் சொன்னார். நேரம் முடிந்ததும் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகவில்லை. அடுத்து வந்தவரிடம் ஒப்படைத்தார். எனக்குக் கேட்காது என்று நினைத்து உரக்கவே சொன்னார்: "ஐயா தனியா வந்திருக்கார். கட்டு இன்னும் போடல. கொஞ்சம் பயப்படுறார், ஆனா காட்டிக்கமாட்டார். பாத்துக்குங்க."

என்னைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

அடுத்து வந்தது யார் தெரியுமா? அந்தக் கல்லூரிப் பெண். நான் எழுதிய கடிதம் போன மாதமே அவளைக் கூட்டிவந்திருக்கிறது. தையல்காரம்மா என்னிடம் மூச்சுவிடவில்லை. என்னைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மாறிவிட்டது. நான் ரகசியம் என்று கண்ணைக் காட்டினேன். பேக்கரிக்காரர் போகும்வரை பொறுத்திருந்து, பக்கத்தில் உட்கார்ந்து, "ரொம்ப வலிக்குதா சார்?" என்று கேட்டாள். வலிக்கிறது என்று சொன்னேன். என் வயதில் முதல் தடவையாக உள்ளதைச் சொன்னேன் என்று நினைக்கிறேன். கட்டுப் போட்டு முடியும்வரை அந்தப் பெண் என் மறு கையை விடவில்லை.

முந்தாநாள் கண்காணிப்பாளர் அம்மா எல்லாரையும் கூப்பிட்டார். ஜூலையில் ஒரு வேளைகூட ஆள் இல்லாமல் போகவில்லை. அறை நமக்குத்தான். அது மட்டுமில்லை. குழந்தைகள் பிரிவுக்கும் துணை வேண்டும் என்று அவரே கேட்டார். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியிலிருந்தும் இதே மாதிரி அமைக்க ஆள் அனுப்பச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். தையல்காரம்மா போகப்போகிறார். "என்ன பேசப்போறீங்க?" என்று கேட்டேன். "பேசப்போறேன்னு யாரு சொன்னா? கேக்கத்தான் போறேன்" என்றார்.

அப்போதுதான் பேக்கரிக்காரருக்கு நான் யார் என்று சொன்னார்கள். மனிதர் ஆடிப்போய், "சார், அன்னைக்கு ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?" என்றார். எழுந்து போய், கட்டுப் போட்ட கையோடு அவரைக் கட்டிக்கொண்டேன். அறை முழுக்கக் கைதட்டல். எனக்கு அது நன்றாகவே கேட்டது.

இது உன் வெற்றி. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

மாமா


ஆகஸ்ட் 14

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தேன். பேக்கரிக்காரர் வரும் இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டேன். மீதியை வேறு ஒருவர் படித்தார். எத்தனையோ அமைப்புகளுக்கு யோசனை சொல்லியிருக்கிறேன். சொன்னதைக் கடைசிவரை செய்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இது உங்கள் வெற்றி. சண்டை போடாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கையை ஈரத்தில் வைக்காதீர்கள். குளியலறைக்கு ஒரு கைப்பிடி போடச்சொல்லுங்கள்.

சொல்கிறேன் என்று சொன்ன செய்தியை இப்போது சொல்கிறேன். நான் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப்போகிறேன். அவர் நூலகத்தில் வேலை செய்கிறார். நான் பேசினால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். அதுதான் முதலில் பிடித்தது. அடுத்த மாதம் பத்தாம் தேதி, பதிவு அலுவலகத்தில், ஐந்தாறு பேர் முன்னால் கையெழுத்து. அவ்வளவுதான்.

இதை உங்களுக்கு எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். இத்தனை மாதம் உங்கள் கடிதத்துக்குக் காத்திருந்து பழகிவிட்டேன். இதைச் சொன்னால் அது நின்றுவிடுமோ என்று பயம். எனக்கு அப்பா இல்லை. அம்மாவும் போய்விட்டார். மாப்பிள்ளை பக்கம் நிறையப் பேர் வருகிறார்கள். என் பக்கம் அலுவலகத் தோழிகள் இரண்டு பேர்.

வாருங்கள் என்று கேட்கவில்லை. அது உங்கள் மகனுக்கும் உங்களுக்கும் சங்கடம். தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

என்றும் அன்புடன்,
சிட்டு


ஆகஸ்ட் 21

சிட்டுக்கு,

கடிதம் கிடைத்தது. இந்தத் தடவை பதில் எழுதத் தயங்கவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் மகனோடு பேசினேன். போனில்தான். அவன் சொன்னது பாதி கேட்கவில்லை, ஆனால் முக்கியமானது கேட்டது. "நல்லா இருக்கட்டும்ப்பா. நீங்க போயிட்டு வாங்க" என்றான். அவன் குரலில் வருத்தம் இருந்தது, கசப்பு இல்லை. அவனையும் இனிமேல் நான் ஒழுங்காகக் கேட்டுப் பழக வேண்டும்.

இப்போது எனக்கும் வாரத்தில் மூன்று நாள் முறை போட்டிருக்கிறார்கள். குழந்தைகள் பிரிவில், கதை சொல்லும் வேலை. முதல் பச்சைக்கொடியிலிருந்து ஆரம்பித்தாலும் அங்கே யாரும் எழுந்து போவதில்லை. பத்தாம் தேதி என் முறை. அதனால் சட்டப்படி தையல்காரம்மாவிடம் போய் நின்றேன்.

"பத்தாம் தேதி லீவு வேணும்."

"காரணம்?"

"கல்யாணம். வெளியூர் போகணும்."

"யாருக்குக் கல்யாணம்?"

"என் மகளுக்கு."

ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு ஒரே பையன்தானே சார்? மகள் எங்கேருந்து வந்தாங்க?"

"இருக்காம்மா" என்றேன். "கொஞ்ச நாள் வெளிய போயிருந்தா."

என் இடத்துக்குப் பேக்கரிக்காரரைப் போட்டுவிட்டார். ஒன்பதாம் தேதி சாயங்காலம் ரயில் ஏறுகிறேன். காலையில் உன் ஸ்டேஷனில் இறங்குவேன். நீ வர வேண்டாம், உனக்கு அன்றைக்கு நூறு வேலை இருக்கும். பதிவு அலுவலகத்துக்கு வழி மட்டும் எழுது. பெண் வீட்டுக்காரர்கள் வரிசையில் முதல் நாற்காலியை எனக்குப் போட்டு வை.

இப்படிக்கு,
அப்பா